வழிதவறியா போனார்கள்?

ஜெகதாப்பட்டினம் விசைப்படகு ஒன்று பிடிபட்டால் மறுநாள் பேப்பரில் இரண்டு சொற்கள்தான் இருக்கும். இலங்கைத் தரப்பு 'அத்துமீறல்' என்று சொல்லும். இங்கே உள்ள தலைவர்கள் 'வழிதவறிப் போய்விட்டார்கள்' என்பார்கள். இரண்டுமே அரைகுறை. ஜிபிஎஸ் வைத்திருக்கிற டிரைவருக்கு எல்லைக்கோடு எங்கே என்று நன்றாகவே தெரியும். அதற்காக அவர் கொள்ளைக்காரரும் இல்லை.

இந்த மூன்றாவது நிலைக்கு விமானத்துறையில் ஒரு பெயர் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கேயும் விமானம் விழுந்தால் 'பைலட் தவறு' என்று எழுதி ஃபைலை மூடிவிடுவார்கள். ஜேம்ஸ் ரீசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1990-இல் எழுதிய புத்தகத்தில் இதைப் பிரித்துக் காட்டினார். கை தவறுவது வேறு, மறந்துபோவது வேறு, முடிவே தப்பாவது வேறு, தெரிந்தே விதியை மீறுவது வேறு. பிறகு ஷாப்பெல், வீக்மன் என்ற இருவர் அமெரிக்கக் கடற்படை விமான விபத்துகளை ஆராய நான்கு அடுக்குகளை வகுத்தார்கள். செய்த செயல், அதற்கு முந்தைய நிலைமை, மேற்பார்வை, நிர்வாகம். மீறலிலும் அவர்களுக்கு இரண்டு வகை. ஒருவர் என்றோ ஒருநாள் செய்வது ஒன்று. எல்லோரும் வழக்கமாகச் செய்ய, மேலே இருப்பவர்களும் கண்டும் காணாமல் விடுவது இன்னொன்று. இதுதான் 'வழக்கமான மீறல்'.

2010 மே 22 மங்களூர் விபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 158 பேர் இறந்தார்கள், 8 பேர் பிழைத்தார்கள். கேப்டன் வழியில் வெகுநேரம் தூங்கியிருக்கிறார். தரையிறங்காதீர்கள், மேலே ஏற்றுங்கள் என்று துணை விமானி திரும்பத் திரும்பச் சொல்லியும் கேட்கவில்லை. 'கேப்டன் தவறு', முடிந்தது கதை! ஆனால் விசாரணை அறிக்கை அதோடு நிற்கவில்லை. ரேடார் பழுதாகிக் கிடந்ததால் இறங்க அனுமதி தாமதமாகக் கிடைத்தது, துணை விமானி எப்போது தானே கட்டுப்பாட்டை எடுக்கலாம் என்பதில் விதிகள் தெளிவாக இல்லை என்பதையும் எழுதியது. கேப்டனை அது விடுவிக்கவில்லை. அவரோடு நிற்கவும் இல்லை.

இதே நான்கு அடுக்கை ஜெகதாப்பட்டினத்தில் வைத்துப் பாருங்கள். செயல்: கோட்டைத் தாண்டியது. நிலைமை: வாரத்தில் மூன்று நாள்தான் விசைப்படகுக்குக் கடல், டீசல் காசாவது தேற வேண்டும், பாடு இல்லையென்றால் பங்கும் இல்லை. மேற்பார்வை: மீன்வளத்துறை டோக்கன் கொடுத்துத்தான் படகு கிளம்புகிறது. அத்தனை படகும் எந்தப் பக்கம் போகும் என்று கரையில் தெரியாதவர் யார்? நிர்வாகம்: இழுவைப் படகை அறிமுகப்படுத்தி வளர்த்ததே அரசுதான். 1974, 1976 ஒப்பந்தங்களில் கோட்டைப் போட்டதும் அரசுதான். இழுவைப் படகை விட்டு ஆழ்கடலுக்குப் போங்கள் என்று 2017-இல் வந்த திட்டத்தில் 2,000 படகுகள் இலக்கு. 80 லட்சம் ரூபாய்ப் படகுக்குக் கையிலிருந்து 8 லட்சம், வங்கிக் கடன் 16 லட்சம். மாறியவை மிகச் சில.

அப்படியானால் யாருக்குமே பொறுப்பில்லையா என்று யாழ்ப்பாணத்து மீனவர் கேட்பார். கேட்க வேண்டியவர் அவர்தான். போர் முடிந்து கடலுக்குத் திரும்பியவரின் வலை இங்கிருந்து போகிற இழுவைமடியில் அறுந்துபோகிறது. அவரும் தமிழர்தான் (இங்கே மேடைகளில் இது மட்டும் மறந்துவிடும்). இலங்கை 2017-இல் தன் கடலில் இழுவைமடியையே தடை செய்துவிட்டது. ஆக, மீறல் மீறல்தான். ஆனால் சிறைக்குப் போவது டிரைவரும் கூலிக்குப் போனவர்களும். டோக்கன் கொடுத்தவரையும் திட்டத்தைக் கிடப்பில் போட்டவரையும் எந்தக் கோர்ட்டும் கூப்பிடுவதில்லை.

2021 ஜனவரியில் பக்கத்துக் கோட்டைப்பட்டினத்துப் படகு இலங்கைக் கடற்படைக் கப்பலோடு மோதி மூழ்கி நான்கு பேர் செத்தார்கள். விமானமாக இருந்தால் ஒவ்வொரு அடுக்கையும் தோண்டி ஓர் அறிக்கை வந்திருக்கும். படகு என்றால் டெல்லிக்கு ஒரு கடிதம். விடுதலையானவர்களை விமானத்தில் சென்னைக்குக் கொண்டுவந்து இறக்கினால் ஏர்போர்ட்டில் ஒரு போட்டோ. அவர்கள் ஊர் போய்ச் சேர்வதற்குள் ஜெகதாப்பட்டினத்தில் அடுத்த டோக்கன் கொடுத்தாகிவிடும்.