வாரத்துக்கு 50 மணி நேரம்

பிள்ளையைச் சிங்கப்பூரில் படிக்க வைக்க நினைக்கும் பெற்றோர் ஞாயிறு மாலை தேக்காவில் யாராவது எதிர்ப்படுவார்கள். "ஃபீஸ் எவ்வளவுண்ணே? வேலை கிடைச்சிடுமா?" இந்த இரண்டோடு விசாரணை முடிந்துவிடும். வகுப்பு எப்படி நடக்கும் என்று கேட்பவர் அரிது. முதல் பருவத்தில் பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான்.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் நான்காண்டு ஹானர்ஸ் பட்டத்துக்குப் பொதுவாக 160 யூனிட் வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியல் படிப்பிலும் கிரெடிட் ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால், பழகிய கணக்காகத் தோன்றும். ஆனால் ஊரில் ஒரு கிரெடிட்டைப் பெரும்பாலும் வகுப்பு நேரத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். இங்கே ஒரு யூனிட் என்றால் வாரத்துக்கு இரண்டரை மணி நேர உழைப்பு. விரிவுரை, டுடோரியல், ஆய்வுக்கூடம், அசைன்மென்ட், தனியே படிப்பது எல்லாம் அதில் சேர்த்தி. வழக்கமாக ஒரு பாடத்துக்கு 4 யூனிட், அதாவது வாரம் 10 மணி நேரம். பருவத்துக்கு ஐந்து பாடம் எடுத்தால் 50. ஆசிரியர் முன் அமர்வது அதில் சிறு பங்கே. கால அட்டவணையில் காலியாகத் தெரியும் பிற்பகல்களும் படிப்புக்கு உரியவைதான். இதை முதல் வாரமே உணர்ந்த பிள்ளை தப்பித்துக்கொள்ளும்.

அடுத்தது டுடோரியல். சிறு குழுவாக உட்கார்ந்து, படித்து வந்ததைப் பற்றிப் பேச வேண்டும். பல பாடங்களில் அந்தப் பேச்சுக்கும் மதிப்பெண் உண்டு. வாத்தியார் முன் வாய் திறக்காமல் இருப்பதே மரியாதை என்று வளர்ந்த நம் பிள்ளைகள், விடை தெரிந்தும் வாயடைத்து உட்கார்ந்திருப்பதைக் காணும்போது மனசு வலிக்கிறது. பிளஸ் டூ படிக்கும்போதே கேள்வி கேட்டுப் பழகட்டும்.

சில பாடங்களில் வாங்கிய கிரேடைச் சராசரியில் சேர்க்காமல், தேர்ச்சி என்று மட்டும் பதிவுசெய்துகொள்ளவும் வழி உண்டு. புதிதாக வருகிறவர்கள் தயங்காமல் அதைப் பயன்படுத்த வேண்டும்.

பணத்துக்கு வருவோம். அரசின் கல்விக் கட்டண மானியத்தை ஏற்கும் வெளிநாட்டு மாணவர், பெரும்பாலான படிப்புகளில், பட்டம் பெற்றபின் 3 ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை பார்க்க வேண்டும். கையெழுத்துப் போடுமுன் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். அந்த 3 ஆண்டும் அவர்களுடையவை.

"பார்ட் டைம் வேலை பார்த்துச் சமாளிக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால், கல்லூரியின் பெயர் மனிதவள அமைச்சின் பட்டியலில் இருக்கிறதா என்று கேளுங்கள். பட்டியலில் இல்லாத நிலையத்தில் படிப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. பட்டியலில் இருந்தாலும், பருவம் நடக்கும்போது வாரம் 16 மணி நேரம்தான். அதுவும் அந்த 50-க்கு மேல்.