இட்லித் துணியும் கண்ணொளியும்

இட்லிக் கொப்பரையிலிருந்து தட்டை வெளியே எடுத்ததும் வீட்டு அம்மாள் என்ன செய்கிறாள் என்று என்றாவது கவனித்திருக்கிறீர்களா? துணியோடு கவிழ்த்து, துணியின் முதுகில் கை நிறையத் தண்ணீர் தெளிக்கிறாள். பிறகு துணியை உரித்தால், இட்லி பிசிறில்லாமல் முழுசாக வருகிறது. தண்ணீர் தெளிக்காமல் உரித்துப் பாருங்கள், பாதி இட்லி துணியோடு போய்விடும்!

இதே சங்கடம் பெரிய பெரிய விஞ்ஞானிகளையும் வெகு காலம் வாட்டியது என்றால் நம்புவீர்களா? அவர்கள் தட்டிலிருந்து முழுசாக எடுக்கத் தவித்தது, பார்வை இழந்தவர்களின் கண்ணில் வைப்பதற்காக வளர்த்த உயிருள்ள சவ்வை.

விஷயத்தை ஆதியிலிருந்து சொல்லுகிறேன். கடியாரத்துக்குக் கண்ணாடி போட்டிருப்பது போல, நம் விழியின் முன்புறத்தில் தெளிவான ஒரு படலம் இருக்கிறது. டாக்டர்கள் இதைக் கார்னியா என்கிறார்கள். இதன் மேல்தோல் நாள்தோறும் தேய்கிறது. நாள்தோறும் புதிதாக வளர்கிறது. வளர்ப்பது யார்? விழியின் கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் வட்ட விளிம்பில் குடியிருக்கும் மூல உயிரணுக்கள். 'ஸ்டெம் செல்' என்று பத்திரிகைகளில் அடிபடுகிறதே, அந்த வம்சம்தான். குடியானவர் விதை நெல் எடுத்து வைப்பதில்லையா? உடம்புக்கு இவை விதை நெல்.

சுண்ணாம்பு கண்ணில் தெறித்தாலோ, சில கொடிய வியாதிகள் கண்டாலோ, இந்த விதை நெல் அடியோடு அழிந்து போகக் கூடும். அப்போது வெள்ளை விழியின் சவ்வு ரத்தக் குழாய்களோடு ஊர்ந்து வந்து கண்ணாடியை மூடிவிடும். பார்வை மங்கிப் போகும். கண் தானம் செய்தவரின் கார்னியாவை எடுத்துத் தைத்தாலும் அது நெடுநாள் தெளிவாக நிற்பதில்லை. அதற்கு மேல்தோல் வளர்த்துத் தர ஆள் வேண்டுமே!

ஒரு கண் மட்டும் கெட்டிருந்தால், நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து கொஞ்சம் விதை கடன் வாங்கித் தட்டில் வளர்த்து வைக்கலாம். இரண்டு கண்ணும் கெட்டிருந்தால் எங்கே போவது? வாய்க்குத்தான் போக வேண்டும்! கன்னத்தின் உட்புறச் சவ்விலும் வளரக் கூடிய அணுக்கள் உண்டு.

அணுக்களைத் தட்டில் வளர்க்கும் வித்தை புதிதல்ல. மனிதத் தோலின் அணுக்களை அவ்விதம் வளர்க்கும் முறையை 1975-லேயே அமெரிக்காவில் ஹோவர்ட் கிரீன் என்பவர் கண்டுபிடித்துவிட்டார். தொல்லை, வளர்ந்ததை எடுப்பதில்தான். அணுக்கள் தட்டை இறுகப் பற்றிக் கொள்ளும். அந்தப் பிடியை அறுக்க என்ஸைம் என்னும் சரக்கை ஊற்றுவார்கள். அதுவோ தட்டுப் பிடியோடு நிற்பதில்லை. அணுவும் அணுவும் கை கோத்திருக்கும் பிடியையும், அடியில் உள்ள இயற்கையான பசையையும் சேதப்படுத்திவிடும். உதிர்ந்த இட்லி மாதிரிதான்!

இங்கேதான் டெருவோ ஒகானோ என்ற ஜப்பானியர் வருகிறார். டோக்கியோ மகளிர் மருத்துவப் பல்கலைக் கழகத்தில் பணியாற்றியவர். 1990-ல் அவரும் சகாக்களும் ஒரு விசித்திரமான தட்டைப் பற்றி எழுதினார்கள். அந்தத் தட்டில் பூசியிருந்த பொருள், பிளாஸ்டிக், நைலான் இவற்றைப் போல நீண்ட சங்கிலியாக அமைந்த பாலிமர் இனத்தைச் சேர்ந்தது. அதன் பெயர் பாலி-என்-ஐசோப்ரொப்பைல் அக்ரிலமைடு. பெயரைப் படித்தவர்கள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மேலே வாருங்கள்!

இந்தப் பொருளுக்கு 32 டிகிரி சென்டிகிரேடு ஓர் எல்லைக் கோடு. நம் உடம்புச் சூடான 37 டிகிரியில் அதன் சங்கிலிகள் தண்ணீரை உதறிவிட்டுச் சுருண்டு கிடக்கும். அணுக்கள் சௌகரியமாக ஒட்டிக் கொண்டு வளரும். 20 டிகிரிக்குக் குளிர வைத்தாலோ, சங்கிலிகள் தண்ணீரைக் குடித்து நீண்டு விரியும். அணுக்களின் கால் பிடி தளரும். வளர்ந்த சவ்வு, கை கோத்தது கோத்தபடி, ஒரே படலமாகக் கழன்று வரும். அடிப் பசையும் கூடவே வந்துவிடுவதால், கண்ணில் வைத்தால் தையல் இல்லாமலே ஒட்டிக் கொள்ளும்.

2004-ல் கோஜி நிஷிதா என்ற கண் டாக்டரும் ஒகானோ முதலியவர்களும் இதன் பலனை வெளியிட்டார்கள். இரு கண்களிலும் விதை நெல் அழிந்துபோன நான்கு பேர். ஒவ்வொருவர் வாயிலிருந்தும் எடுத்தது மூன்று மில்லி மீட்டர் சதுரத் துணுக்கு, ஒரு மிளகு அளவு கூட இராது. இரண்டு வாரம் வளர்த்து, அரை மணி நேரம் குளிர வைத்துக் கழற்றிக் கண்ணில் வைத்தார்கள். ஒரு வாரத்துக்குள் நால்வருக்கும் கார்னியாவின் மேற்பரப்பு மூடிவிட்டது. பார்வையும் நன்றாகத் தெளிந்தது. சராசரி பதினாலு மாதம் கவனித்துப் பார்த்தும் தெளிவு குன்றவில்லை. வாய்ச் சவ்விலிருந்து வளர்த்த கண் படலத்தை வைத்தியத்துக்கு உபயோகிக்க ஜப்பான் அரசாங்கம் 2021-ல் அனுமதியும் கொடுத்தது.

அப்படியானால் எல்லா அவயவங்களையும் இப்படியே செய்து மாட்டிவிடலாமா என்று கேட்பீர்கள். அவசரப்படாதீர்கள். தொடைத் தசையின் அணுக்களைப் படலமாக வளர்த்துப் பலவீனமான இருதயத்தின் மேல் போர்த்தும் சிகிச்சைக்கும் 2015-ல் அங்கே நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. 2024-ல் நிபுணர்கள் கணக்குப் பார்த்தபோது, பலன் போதிய அளவு நிரூபணமாகவில்லை என்று தீர்ப்பாயிற்று. கண்ணில் ஜயித்தது இருதயத்திலும் ஜயிக்கும் என்று சொல்ல முடியாது. ஆகையால், "ஸ்டெம் செல் வைத்தியம், சகல ரோக நிவாரணி" என்று யாராவது விளம்பரம் செய்தால், மணிபர்ஸைத் திறப்பதற்கு முன்னால், அந்த வியாதிக்கு அது சோதித்து அங்கீகரிக்கப்பட்டதுதானா என்று நல்ல டாக்டரைக் கேளுங்கள்.

முடிக்குமுன் இன்னொரு வார்த்தை. நம் வீடுகளில் வெற்றிலைச் சுண்ணாம்பு உண்டு. குழந்தைகள் அந்தப் பொட்டலத்தை அழுத்தி விளையாடுவதுண்டு. வெடித்துத் தெறித்தால் கண்ணில்தான் விழும். அப்படி நேர்ந்தால் எண்ணெய், தாய்ப்பால், கை வைத்தியம் எதுவும் வேண்டாம். யாரையும் கேட்டுக் கொண்டு நிற்காமல், அந்த நிமிஷமே சுத்தமான தண்ணீரை விட்டுக் கண்ணைக் கழுவத் தொடங்குங்கள். இமையைத் தூக்கிப் பிடித்து, அரை மணி நேரம் விடாமல் கழுவுங்கள். பிறகு நேரே கண் டாக்டரிடம் ஓடுங்கள். இமைக்குள் ஒளிந்திருக்கும் துகளை அவர்தான் எடுக்க வேண்டும்.

டோக்கியோவின் தட்டு மிக நல்ல தட்டுதான். நம் வீட்டுக் குழந்தைக்கு அது தேவைப்படாமலே இருக்கட்டும். சுண்ணாம்பு டப்பியை இன்றைக்கே எடுத்து உயரத்தில் வைத்துவிடுங்கள்.