அக்ரிப்பாவா கட்டினான்?

ரோம் நகரத்து பாந்தியன் கோயிலின் நெற்றியில் இன்றைக்கும் ஒரு வரி இருக்கிறது. மூன்றாம் முறை கான்சலாக இருந்த மார்க்கஸ் அக்ரிப்பா இதைக் கட்டினானாம். அவன் செத்தது கி.மு. 12-ல். அவன் எழுப்பியது எரிந்துபோய், இப்போது நிற்கிற கட்டிடம் முடிந்தது கி.பி. 126 வாக்கில், ஹாட்ரியன் ஆட்சியில். செத்து நூற்று முப்பது வருஷத்துக்கு மேலாகியும் ஆண்டை 'கட்டுகிறான்'. கல்லை உடைத்தவன் உயிரோடு இருந்தும் கட்டவில்லை!

முன்வரிசைச் சாம்பல் நிறத் தூண்கள் எங்கிருந்து வந்தன? எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் மோன்ஸ் கிளாடியானஸ் குவாரியிலிருந்து. நைல் நதி அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ஒவ்வொரு தூணும் ஒரே கல். சுமார் 12 மீட்டர், 60 டன். பாறையில் வரிசையாகக் குழி வெட்டி, இரும்பு ஆப்பு வைத்து, சம்மட்டியால் அடித்துப் பிளந்தார்கள். மழுங்கின உளியைத் தீட்டிக் கொடுக்கவே தனியாகக் கொல்லர்கள்.

அடிமைகளும் கைதிகளும் சாட்டையடி வாங்கிச் செய்த வேலை என்றுதான் ரொம்ப நாள் எழுதினார்கள். 1987 முதல் 1993 வரை தோண்டினபோது எழுத்துள்ள பானை ஓடுகள் ஒன்பதாயிரத்துக்கு மேல் கிடைத்தன. ஒரு ஓட்டில் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேருக்குத் தண்ணீர் பங்கிட்ட கணக்கு. நைல் கரையிலிருந்து வந்த கூலியாட்களுக்கு மாதம் 47 திராக்மா, கூடவே கோதுமை. இன்னொரு பிரிவுக்குச் சக்கரவர்த்தியின் 'குடும்பம்' என்று பேர். அதில் அடிமைகளும் உண்டு. நல்ல குடும்பம்!

கூலியாள் தன் சம்பளத்தில் எதை வாங்கி அனுப்ப வேண்டும் என்று ஓட்டில் எழுதுவித்தான். எண்ணெய், பருப்பு, வெங்காயம். தினம் பணம் எடுக்கும் சீட்டுகளோடு மாரடிக்கிற எனக்கு அந்தச் சீட்டு நன்றாகவே புரிகிறது.

"கூலி கொடுத்தாச்சே, அப்புறம் என்ன குறை?" என்று உடனே ஒரு கூட்டம் கிளம்பும். ஏன்யா, கூலி கொடுத்தால் பெயரையும் சேர்த்து வாங்கியாச்சு என்றா அர்த்தம்? சாட்டைக் கதை சொன்னவன் அந்த ஆளின் கைத்திறனைப் பிடுங்கினான். கூலிக் கணக்கு காட்டுகிறவன் அவன் பங்கைப் பிடுங்குகிறான். ரெண்டு பேரும் கடைசியில் போய் நிற்பது அக்ரிப்பா பக்கத்தில்தான்.

அந்தக் குவாரியில் சுமார் 200 டன் தூண் ஒன்று இன்னும் கிடக்கிறது. செதுக்கி முடிக்கிற நேரத்தில் விரிசல் விட்டது. ஒட்டுப்போட்டுப் பார்த்தும் தேறவில்லை. அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். 'இதை நான் செய்தேன்' என்று சொல்லிக்கொண்டு அதற்கு மட்டும் ஒரு சக்கரவர்த்தியும் வரவில்லை.