காணாக்கடின்னு சும்மா விட்டுடாதீங்க!



அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் எந்த ஊர்ப் பாட்டிகிட்ட கேட்டாலும் மூணு வார்த்தை சொல்லுவாங்க. உடம்பெல்லாம் திடீர்னு தடிச்சு அரிச்சா காணாக்கடி. கைக்குழந்தைக்குக் கன்னத்துலயும் கை மடிப்புலயும் சொரசொரன்னு வந்தா கரப்பான். ராத்திரியில பிள்ளைக்கு மூச்சு வாங்கினா இளைப்பு. மூணுக்கும் தனித்தனி வைத்தியம், தனித்தனி மந்திரிப்பு.

ஆனா மருத்துவம் என்ன சொல்லுது? பல பிள்ளைகளுக்கு இந்த மூணும் ஒரே குடும்பத்து நோய். கைக்குழந்தையில கரப்பானா தொடங்கி, வளர வளர இளைப்பா மாறுறதும் உண்டு. இதுக்குப் பேர்தான் ஒவ்வாமை, அலர்ஜி.

"அலர்ஜியெல்லாம் பட்டணத்துப் பிள்ளைகளுக்கு வர்ற நோவு" என்ற பேச்சை முதலில் விடுவோம். நம்ம வானம் பார்த்த பூமியைச் சுத்திப் பாருங்க. கண்மாய்க்குள்ளயும் கரையிலயும் சீமைக்கருவேலம். அதோட மகரந்தம் மூக்கிலும் நுரையீரலிலும் ஒவ்வாமையைக் கிளப்பும் என்பது இந்திய மருத்துவர்கள் பரிசோதித்துச் சொன்ன உண்மை. அந்த மரத்தை வெட்டி மூட்டம் போட்டா கரிப் புகை. தறி ஓடுற வீட்டுல பஞ்சுத் தூசி. ஏற்கெனவே இளைப்பு இருக்கிற பிள்ளைக்கு இந்தப் புகையும் தூசியும் எரியிற நெருப்புல எண்ணெய் ஊத்துற மாதிரி. சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017-லேயே உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டது. நம்ம கண்மாய்களைப் போய்ப் பாருங்க, மரம் நிக்குது!

பிள்ளை அடிக்கடி ராத்திரி இருமுது, விளையாடினா நெஞ்சுல விசில் சத்தம் கேட்குது, மாசத்துக்கு ஒருதடவை 'சளி'ன்னு ஊசி போட வேண்டியிருக்குதுன்னா அது வெறும் சளி இல்ல, ஆஸ்துமாவா இருக்கலாம். டாக்டர் இன்ஹேலர் எழுதினா, "பம்பு வச்சா பழகிப்போயிடும், கடைசிவரைக்கும் விட முடியாது" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவாங்க. கேட்காதீங்க. இன்ஹேலர் போதை இல்ல. மாத்திரையும் சிரப்பும் உடம்பு முழுக்கச் சுத்தும். இன்ஹேலர் மருந்து ரொம்பக் குறைஞ்ச அளவுல நேரா நுரையீரலுக்குப் போகும். சின்னப் பிள்ளைக்கு ஸ்பேசர் என்ற குழாயோட சேர்த்து வச்சா மருந்து வீணாகாம உள்ளே போகும்.

அடுத்து சாப்பாடு. சொறி வந்தாலே "முட்டையை நிறுத்து, மீனை நிறுத்து, கத்தரிக்காய் கரப்பான் பண்டம்" என்று ஒவ்வொண்ணா பறிச்சிடுறோம். விருதுநகர் மண்ணில் பிறந்த காமராசர் 1956-ல் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். இன்னைக்கு அதே சத்துணவுத் தட்டுல முட்டையும் இருக்கு. ரத்தசோகை உள்ள பிள்ளைகிட்ட இருந்து ஒரு சந்தேகத்துக்காக அந்த முட்டையைப் பிடுங்கலாமா? உணவு ஒவ்வாமை பெரும்பாலும் சாப்பிட்ட சில நிமிஷத்துல இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள தெரிஞ்சிடும். அதே பண்டத்தைத் தின்னா மறுபடியும் வரும். என்ன தின்னான், எத்தனை மணிக்கு என்ன ஆச்சுன்னு ஒரு தாள்ல எழுதி டாக்டர்கிட்ட காட்டுங்க. எதை நிறுத்தணும்னு அவர் சொல்லட்டும்.

லண்டனில் 640 குழந்தைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2015-ல் வெளிவந்தது. கரப்பான் அதிகம் இருந்த அல்லது முட்டை ஒத்துக்காத கைக்குழந்தைகளுக்கு, டாக்டர் மேற்பார்வையில், ஒரு வயசுக்கு முன்னாலேயே நிலக்கடலையைக் கொடுக்கத் தொடங்கினாங்க. ஒதுக்கி வச்ச பிள்ளைகளைவிட இவங்களுக்குக் கடலை ஒவ்வாமை சுமார் 80 சதவீதம் குறைவு. பயந்து ஒதுக்கினதே பல பிள்ளைகளுக்குக் கெடுதலா முடிஞ்சிருக்கு. (சின்னப் பிள்ளைக்கு முழுக் கடலை கொடுக்காதீங்க, தொண்டையில சிக்கும். அரைச்சுக் கொடுக்கணும்.)

இப்போ உயிர் போற விஷயத்துக்கு வருவோம்.

கடலையோ, இறாலோ, கதண்டுக் கடியோ, ஊசி மருந்தோ எதுவா இருந்தாலும் சரி. உடம்பு தடிக்கிறதோட சேர்ந்து உதடு, நாக்கு வீங்குது, குரல் கம்முது, மூச்சு இழுக்குது, திரும்பத் திரும்ப வாந்தி எடுக்குது, பிள்ளை துவண்டு விழுதுன்னா அது காணாக்கடி இல்ல. உயிருக்கு ஆபத்து. சில பிள்ளைகளுக்குத் தடிப்பே இல்லாமலும் வரும்.

1. மந்திரிக்கக் கூட்டிட்டுப் போய் நேரத்தை வீணாக்காதீங்க. உடனே 108.
2. படுக்க வச்சுக் காலைத் தூக்கி வையுங்க. மூச்சு திணறினா உட்கார வையுங்க. வாந்தி எடுத்தா ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. நடக்க விடாதீங்க.
3. அரிப்பு மாத்திரை அரிப்பைத்தான் குறைக்கும், உயிரைக் காப்பாத்தாது. காப்பாத்துறது தொடையில் போடுற அட்ரினலின் ஊசி.
4. சரியாயிடுச்சுன்னு உடனே வீட்டுக்கு வந்துடாதீங்க. சில மணி நேரம் கழிச்சு மறுபடி வரலாம்.

வெளிநாட்டுல இந்த ஊசியைப் பேனா மாதிரி பிள்ளையோட பையிலேயே கொடுத்து அனுப்புறாங்க. நம்ம ஊர் மருந்துக்கடையில அந்தப் பேனா சுலபமாக் கிடைக்காது. அப்போ திருச்சுழிக்கு அந்தப்பக்கம், ஒத்தை பஸ் வந்து போற ஊர்ல, பிள்ளையோட உயிர் யார் கையில இருக்கு? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்து அலமாரியில இருக்கு. அதனால்தான் இதை அரசியல் பிரச்சினை என்கிறோம்.

நம் கோரிக்கைகள் நாலு:

ஒன்று: அட்ரினலின் விலை குறைஞ்ச மருந்து, அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல உள்ள மருந்து. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை நிலையத்திலும் அது எப்போதும் இருப்பு இருக்கணும். எத்தனை கிலோ பிள்ளைக்கு எவ்வளவு என்ற அட்டவணை சுவரில் தொங்கணும். போடத் தெரிஞ்ச செவிலியர் இருக்கணும்.

இரண்டு: பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் டாக்டர் குழு வந்து பார்க்கிற தேசியத் திட்டம் 2013-லிருந்து இருக்கு. அதன் நோய்ப் பட்டியலிலேயே தோல் நோயும் மூச்சிளைப்பும் இருக்கு. புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். வர்ற குழு ஒவ்வொரு தாய்கிட்டயும் இதைக் கேட்டு எழுதினா போதும்.

மூன்று: சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மருந்து தருகிற மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் வந்தது. பிள்ளைகளின் ஆஸ்துமாவையும் அதில் சேருங்க. இன்ஹேலரும் ஸ்பேசரும் வீட்டுக்கு வரட்டும்.

நான்கு: சத்துணவு மையத்திலும் அங்கன்வாடியிலும் ஒரு நோட்டு. எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்காது, அவசரத்துக்கு யாருக்கு போன் பண்ணணும் என்று ஒரு பக்கம். சமைக்கிற அம்மாவுக்கு அது தெரியணும்.

கிளைத் தோழர்களே! கோரிக்கை வச்சதோட நம்ம வேலை முடியல. இந்த வாரம் உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்க. சண்டை போட வேண்டாம், மரியாதையாக் கேளுங்க: "அட்ரினலின் இருப்பு இருக்கா? காலாவதி தேதி என்ன?" இருந்தா நன்றி சொல்லிட்டு வாங்க. இல்லைன்னா மனு எழுதுங்க. வர்ற கிராம சபையில தீர்மானமாக் கொண்டு வாங்க.

மழை பொய்ச்சாலும் பிள்ளைகளை நம்பி வாழ்ற பூமி இது. அந்தப் பிள்ளைகளோட மூச்சு ஒரு சின்ன ஊசி இல்லாம நிக்கக் கூடாது.

படிச்சதோட விடாம, பிள்ளை வளர்க்கிற நாலு பேருக்கு அனுப்புங்க.

#பிள்ளைகளின்_மூச்சு #ஊர்தோறும்_உயிர்காக்கும்_ஊசி