கரையில் மூச்சுத் திணறும் அணு

தூத்துக்குடி என்றதும் நேயர்களுக்கு முத்துத்தான் நினைவுக்கு வரும். 1961-ம் வருஷத்துக்குப் பிறகு அங்கே பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லையாயினும், அந்தப் புகழ் மங்கவில்லை. இவ்வாரம் நாம் சொல்ல வந்ததோ முத்தைப் பற்றி அன்று. ஒரு வியாதியைப் பற்றி. சிறுநீரகத்தில் தோன்றும் புற்றுநோய் சரீரம் முழுவதும் எவ்வாறு பரவுகிறது என்பதே விஷயம். அதை விளங்கிக்கொள்ள முத்துக் குளித்தவரே நமக்குத் துணை.

காலில் கல்லை மாட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கியவர் மூச்சை அடக்கியிருந்தது ஏறக்குறைய ஒரு நிமிஷம். மூச்சு முட்டியதும் அவர் கயிற்றை அசைப்பார். தோணியில் இருப்பவர் மேலே இழுத்துவிடுவார். கரையேறிய பிறகு கயிற்றுக்கு வேலையில்லை.

நமது சரீரத்திலும் இத்தகைய கயிறு ஒன்று உண்டு. பிராணவாயு குறைந்தால் ‘ஹிஃப்’ என்னும் புரதம் அணுக்களில் சேர்ந்து, ரத்தத்தின் சிவப்பணுக்களைப் பெருக்கவும் புதிய ரத்தக் குழாய்களை உண்டாக்கவும் உத்தரவிடுகிறது. பிராணவாயு போதிய அளவு கிடைத்ததும், ‘வி.எச்.எல்.’ என்னும் மற்றொரு புரதம் ஹிஃப்பைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிவிடுகிறது. அணுக்கள் பிராணவாயுவின் அளவை அறியும் இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்காகக் கேலின், ராட்கிளிஃப், செமென்ஸா ஆகிய மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சிறுநீரகப் புற்றுநோயில் மிகச் சாதாரணமாகக் காணும் வகையில், பெரும்பாலும் இந்த வி.எச்.எல். கெட்டுப்போயிருக்கிறது. இருதயம் அனுப்பும் ரத்தத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்கே போகிறது. அவ்வளவு செழிப்பான இடத்தில் இருந்துகொண்டே, அந்த அணு கடலடியில் மூச்சுத் திணறுகிறவரைப்போல் ஓயாமல் கயிற்றை அசைக்கிறது! புதிய ரத்தக் குழாய்கள் கட்டியைச் சுற்றிக் காடாக மண்டுகின்றன. கட்டிக்கு உணவு கொண்டுவரும் அக்குழாய்களே, அணுக்கள் வெளியேறுவதற்கும் வழியாகின்றன.

சிறுநீரகத்து ரத்தம் பெரிய சிரையில் கலந்து, இருதயத்தின் வலப்பக்கம் சென்று, உடனே நுரையீரலை அடைகிறது. ஆகவே, தப்பிய அணுக்கள் முதலில் சிக்கும் இடம் பெரும்பாலும் நுரையீரலே. எலும்பு, ஈரல், மூளை ஆகியவற்றிலும் அவை குடியேறுவதுண்டு. சிலருக்குக் கட்டியே சிரைக்குள் நீண்டு வளர்ந்து இருதயம் வரை எட்டிவிடுகிறது.

ஆனால், புறப்பட்ட அணுக்கள் எல்லாம் பிழைப்பதில்லை. முத்துச் சிப்பியின் குஞ்சுகள் சில வாரங்கள் கடலில் மிதந்து திரிகின்றன. பாறைப் பாங்கான ‘பார்’ கிடைத்தவை ஒட்டி வளரும். மணலில் விழுந்தவை மாளும். புற்றணுவின் கதையும் அதுவே. விதை மட்டும் போதாது, நிலமும் இசைய வேண்டும் என்று ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கில வைத்தியர் 1889-லேயே எழுதினார். பிழைத்த சில அணுக்கள் பல வருஷங்கள் அடங்கிக் கிடந்து பின்னர் தலைதூக்குவதும் உண்டு. சத்திர சிகிச்சைக்குப் பிறகும் வைத்தியர்கள் வருஷக்கணக்கில் பரிசோதிப்பது இதனால்தான்.

இந்த ஞானம் ஏட்டோடு நிற்கவில்லை. புதிய ரத்தக் குழாய்கள் முளைப்பதைத் தடுக்கும் மருந்துகள் 2005 முதல் உபயோகத்துக்கு வந்தன. ஹிஃப்பையே அடக்கும் பெல்ஜுட்டிஃபான் என்ற மருந்துக்கு 2021-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எனினும், நோய் சிறுநீரகத்தை விட்டு வெளியேறுமுன் கண்டு, சத்திர சிகிச்சையால் அகற்றுவதற்கு நிகரானது வேறில்லை.

இங்கேதான் நமது குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. வலியே இல்லாமல் சிறுநீரில் ரத்தம் தென்பட்டால், “உப்பளத்து வெயில், உடம்புச் சூடு” என்று சொல்லி இளநீர் குடித்துவிட்டு இருந்துவிடுகிறோம். ரத்தமும் இரண்டொரு நாளில் தானே நின்றுவிடும், நாமும் மறந்துவிடுவோம். நின்றது ரத்தமேயன்றி நோய் என்று கொள்ளலாகாது. எல்லா ரத்தமும் புற்றுநோயின் அடையாளமல்ல. கல்லாகவும் இருக்கலாம், வேறு கோளாறாகவும் இருக்கலாம். இன்னதென்று தீர்மானிக்க வேண்டியவர் வைத்தியர். ஸ்கான் பரிசோதனையோ வலியில்லாதது. புகை பிடிப்போரும், ரத்தக் கொதிப்பும் அதிக பருமனும் உள்ளோரும் இதில் விசேஷ கவனம் கொள்வது அவசியம்.

கயிறு அசைந்ததைக் கண்டும் தோணியில் இருப்பவர் சும்மா இருந்ததுண்டா? நமது சரீரம் கொடுக்கும் சைகையையும் நாம் அவ்விதமே மதிக்க வேண்டும்.