மாங்கனியா? பாட்டா?

ஆனி மாதம் காரைக்காலில் மாங்கனித் திருவிழா. நெரவி ஜனங்களும் போய், எறியப்படும் பழத்துக்கு முண்டியடிக்கிறார்கள். வெறுங்கையில் மாங்கனி வந்ததென்பது, அம்மையாருக்குப் பல நூற்றாண்டு பின்னர், 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய கதை. கதையைக் கதையாகக் கேட்பதில் நமக்கு ஆட்சேபணையில்லை. பாட்டி கதையில் மரமும் பேசும். ஆனால் பாட்டி அதற்கு உண்டியல் வைப்பதில்லை!

அக்கதையிலும் நியாயமென்ன? மனைவிக்கு அஞ்சிக் கப்பலேறி வேறொருத்தியை மணந்த கணவனுக்குக் குற்றமில்லை. பேயுருக் கொண்டவள் பெண்தான்.

வாஸ்தவமான அதிசயம் வேறு. தேவார மூவருக்கும் முன்பே ஒரு பெண் நட்டபாடை, இந்தளம் என்னும் பண்களில் தமிழ்ப் பாட்டுக் கட்டினார் என்பதே அது. தமிழ் கச்சேரிக்கு உதவாதென்று சொல்லப்பட்டு, 1943-ல் சென்னையில் தமிழிசைச் சங்கம் காண நேர்ந்த நாட்டில், அவரல்லவா பதில்?

தோழர்களே! பெண்மக்களைப் படிக்கவும் பாடவும் விடுங்கள். மாங்கனி தோட்டத்தில் காய்க்கும்.