எல்லோரும் வீட்டுக்காரர்களா?

'வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்' என்று நம் பெரியவர்கள் எச்சரிக்கையாகச் சொல்லி வைத்ததை, இந்தக் காலத்து மனை வியாபாரிகள் அழைப்பிதழாக அச்சடித்துவிட்டார்கள். தென்னேரிப் பக்கம் போய்வருகிறவர்களுக்கு இது தெரியும். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் வந்ததிலிருந்து, அந்தப் பக்கத்து வயல்களில் மனைக் கற்கள் முளைக்கத் தொடங்கிவிட்டன. கற்களுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. பலகையில் சிரித்துக்கொண்டு நிற்கும் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள். பாட்டியை மட்டும் காணோம். சதுர அடிக் கணக்கில் அவளுக்கு இடம் கட்டவில்லை போலிருக்கிறது.

வியாபாரி சொன்னால் அது வியாபாரம். சர்க்காரும் அதையே சொல்லும்போதுதான் கேட்க வேண்டியிருக்கிறது. 2022க்குள் அனைவருக்கும் வீடு என்று 2015இல் மத்திய அரசு ஒரு திட்டம் போட்டது. 2022 வந்தது, போய்விட்டது. 2024இல் தமிழக அரசு, 2030க்குள் 8 லட்சம் வீடுகள், வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி என்று அறிவித்தது. நல்ல காரியம்தான்; குடிசை ஒழிவதை யார் வேண்டாமென்பார்கள்? ஆனால் அந்தப் பணத்தைப் பெற முதலில் சொந்த மனை இருக்க வேண்டும். மனை இருப்பவனுக்குச் சுவர் கிடைக்கும். மனையே இல்லாதவன் என்ன செய்வான்? எல்லோருக்கும் வீடு வேண்டும் என்பது ஒரு வாக்கியம். எல்லோருக்கும் சொந்த வீடு வேண்டும் என்பது வேறொரு வாக்கியம். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதில்தான் சூது இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. 20 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, 20 வருஷத் தவணை என்றால் மாதம் 18,000 ரூபாய் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்போது 43 லட்சத்துக்கு மேல் போயிருக்கும். மாதச் சம்பளச் சீட்டைக் காட்டக்கூடிய உங்களுக்கும் எனக்கும் இது கழுத்தை நெரிக்கிற கணக்கு. சேலைக்கு இவ்வளவு கூலி என்று வாங்குகிறவனுக்கோ, பட்டு விலை ஏறினால் தறி நின்றுபோகிறவனுக்கோ, பாங்கிக்காரர் நாற்காலிகூடக் காட்டமாட்டார்.

நெசவாளியைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பக்கத்தில் வீட்டைப் பற்றிப் பேச முடியாது. என் கட்சிக்கு எதிராக நிற்கிற பெரிய சாட்சியும் அவன்தான். பட்டு நெசவாளிக்கு வீடு என்பது படுத்துத் தூங்குகிற இடம் மட்டுமா? அதுதான் அவனுடைய பட்டறை. தரையில் குழி தோண்டித் தறியை இறக்க வேண்டும். மேலே ஜக்கார்டுப் பெட்டி ஏற உயரம் வேண்டும். கோர்வைச் சேலை என்றால் தறியில் கூட ஓர் ஆள் உட்கார வேண்டும். பாவை நீட்டிப் போட வாசலில் நீளமான தெரு வேண்டும். தறி போட்ட இடம் போக மிச்சமிருப்பதில்தான் அடுப்பு, பாய், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம். எந்த வீட்டுக்காரர் வாடகைக்கு விட்ட கூடத்தில் குழி தோண்டச் சம்மதிப்பார்? சர்க்கார் கட்டித் தருகிற அடுக்கு மாடியில், மூன்றாவது மாடியில், குழியை எங்கே தோண்டுவது? கீழ்வீட்டுக்காரர் தலையிலா? 1985-86இல் தறிக்கூடத்தோடு சேர்ந்த வீடு என்று மத்திய அரசே ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதை யோசித்த அதிகாரி யாரோ, ஒருமுறையாவது தறிக் குழியில் காலை விட்டுப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே நெசவாளிக்குச் சொந்த வீடு வேண்டும் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அவனுக்கு அது ஏன் வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். பத்திரத்தில் பெயரைப் பார்த்துப் பூரிப்பதற்காகவா? நாளைக்குக் காலி செய்யச் சொன்னால் தறியைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமே, அந்தப் பயத்துக்காக. நம் நடுத்தர வீடுகளிலும் சொந்த வீட்டு ஆசையைச் சுரண்டிப் பார்த்தால் அடியில் இந்தப் பயம்தான் கிடக்கிறது. வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என்ன ஜாதி, கறி சமைப்பீர்களா, எத்தனை பேர், ஊரிலிருந்து யாராவது வருவார்களா, ராத்திரி எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பீர்கள்? பெண் பார்க்க வருகிறவர்கள்கூட இவ்வளவு கேட்பதில்லை. தனியாக இருக்கும் பெண் என்றால் கதவே திறக்காது. இந்த அவமானத்தை அப்படியே வைத்துக்கொண்டு, 'நீயும் ஒரு வீடு வாங்கிவிடேன்' என்று சொல்வது, மழையில் நனைகிறவனிடம் குடைக் கடை வைக்கச் சொல்வது போல.

தொண்டைமான் இளந்திரையன் பெயரால் திரையன் ஏரி என்றிருந்ததுதான் தென்னேரி ஆயிற்று என்பார்கள். அந்த ஏரியின் தண்ணீரில் எத்தனையோ தலைமுறை நெல் விளைந்திருக்கிறது. உழவன் ஒவ்வொருவனுக்கும் சொந்தமாக ஓர் ஏரி வேண்டும் என்று எவனாவது அந்த ஊரில் சொல்லியிருந்தால், அவனுக்கு மந்திரித்திருப்பார்கள். உழவன் கேட்டதெல்லாம் தன் முறை வந்தால் மடை திறக்க வேண்டும் என்பதுதான்.

பட்டா கையில் இருந்தால் பயம் போய்விடுமா என்றால் அதுவும் நிச்சயமில்லை. தென்னேரியிலிருந்து வெகு தூரமில்லை, பரந்தூர். அங்கே விமான நிலையம் வரும் என்று 2022இல் அறிவித்தார்கள். அன்றிலிருந்து வீட்டையும் வயலையும் விடமாட்டோம் என்று போராடிய ஏகனாபுரத்து ஜனங்கள் வாடகைக்குக் குடியிருந்தவர்களா? தலைமுறை தலைமுறையாகச் சொந்தக்காரர்கள்.

சிங்கப்பூரைப் பார் என்று சிலர் சொல்வார்கள். பார்த்தேன். அங்கே பத்தில் ஒன்பது குடும்பம் சொந்த வீட்டில் இருப்பதாகச் சொல்லப்படுவது வாஸ்தவம். ஆனால் வீட்டைக் கட்டியது அரசாங்கம். கொடுத்தது 99 வருஷக் குத்தகைக்கு. அதாவது நீண்ட நாள் குடியிருப்பு உரிமைக்குத்தான் சொந்தம் என்று பெயர். ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். அவர்களை யாரும் வக்கற்றவர்கள் என்று சொல்வதில்லை.

நம் கதை என்ன? நகரங்களில் 1 கோடியே 88 லட்சம் வீடு குறைகிறது என்று 2012இல் மத்திய அரசின் குழு கணக்கிட்டது. அதில் மிகப் பெரும் பகுதி, இருக்கிற வீட்டிலேயே நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறவர்களின் குறை. அதற்கு முந்தின வருஷத்துக் குடிக்கணக்கிலோ, நகரங்களில் 1 கோடியே 10 லட்சத்துக்கு மேல் வீடுகள் காலியாகக் கிடந்தன! பூட்டிக் கிடந்த அந்த வீடுகளில் சில, 'ஒரு முதலீடாக இருக்கட்டும்' என்று நம்மைப் போன்றவர்கள் வாங்கிப் போட்டவைதாம். வாடகைக்கு விட்டால் ஆள் கிளம்பமாட்டானாம்.

2024இல் ஒரகடத்துக்குப் பக்கத்தில், வல்லம் வடகாலில், பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகளோடு சிப்காட் கட்டிய விடுதி திறக்கப்பட்டது. விடுதி வாழ்க்கை குடும்பத்துக்கு ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாடகைக்கென்றே சர்க்கார் கட்ட முடியும் என்று அது காட்டுகிறது. 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுத்தில் எழுதிப் பதிவு செய்யச் சொல்கிறது. பதிவு செய்த ஒப்பந்தத்தை உங்களில் எத்தனை பேர் உங்கள் குடித்தனக்காரருக்குக் கொடுத்திருக்கிறீர்கள்? நெசவாளிக்கு அந்தக் காகிதத்தில் பத்து வருஷக் கெடுவும், குழி தோண்டிக்கொள்ளலாம் என்று ஒரு வரியும் சேர்த்து எழுதிக் கொடுத்தால் போதும். பத்து வருஷம் கழித்து அவன் போகும்போது குழியை மூட ஒரு வண்டி மண்ணும் ஓர் ஆள் கூலியும் ஆகும்.